கிள்ளானில் திறந்த நெற்றிக்கண்

தொண்ணூற்றேழாம் ஆண்டுப் புகைமூட்டத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கே குருடாகிக் கிடந்தது. பிரிக்பீல்ட்ஸில் நின்றவனுக்கு இரட்டைக் கோபுரம் தெரியவில்லை. பத்துமலையில் நின்றவனுக்கு மலையே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சுவாமி கண்ணொளியானந்தா கிள்ளானில் கடை திறந்தார். மன்னிக்கவும், ஆசிரமம் திறந்தார். கீழே துணிக்கடை, மாடியில் ஆசிரமம் என்பதால் வாய் தவறிவிட்டது.

தூணுக்குத் தூண் சுவரொட்டி. 'கத்தி இல்லை! ரத்தம் இல்லை! தையல் இல்லை! நெற்றிக்கண் லேசர்! வரும்போது கண்ணாடி, போகும்போது கண் மட்டும்!'

நவம்பரில் மழை கொட்டியது. புகை கரைந்தது. எல்லோருக்கும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சுமத்ராவில் காட்டுத் தீ அணைந்ததற்குக் கிள்ளானில் சாமியார் கழுத்தில் மாலை விழுந்தது.

அப்புறம் கூட்டத்தைக் கேட்க வேண்டுமா? பந்திங்கிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். சாலாக் செலாத்தானிலிருந்து வேன் பேசிக்கொண்டு வந்தார்கள். வரிசை மாடிப்படியில் இறங்கி, துணிக்கடையைத் தாண்டி, செண்டோல் ஐஸ் விற்கும் வண்டி வரைக்கும் நீண்டது. சாமியாரால் உண்மையிலேயே பலன் அடைந்த ஒரே ஆள் அந்தச் செண்டோல்காரர்தான்.

படியின் உச்சியில் பக்கிரிசாமி நிற்பார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இருபது வருஷம் கண்ணாடி போட்டவன்லா நான்! இப்ப என் கண்ணப் பாருங்க!" என்று இமையை விரித்துக் காட்டுவார். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண் கண்ணாகத்தான் இருந்தது. "அடேயப்பா!" என்றார்கள்.

அந்த வரிசையில் ஒரு சனிக்கிழமை ராதாகிருஷ்ணனும் நின்றார்.

ராதாகிருஷ்ணன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாற்பத்திரண்டு பிள்ளைகள் ஏறும் மஞ்சள் பஸ். கண்ணாடி மைனஸ் ஆறரை, போத்தலின் அடி போலத் தடிப்பு. கழற்றினால் பஸ்ஸின் நிறம் மட்டும் தெரியும், பஸ் தெரியாது. மழையில் கண்ணாடி நனையும், வெயிலில் வேர்வையில் நழுவும், பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் 'போத்தல் அங்கிள்' என்பார்கள். போதாததற்கு, அந்த ஆண்டு லேசர் வந்துவிட்டது. கண்ணில் ஒளியைப் பாய்ச்சிக் கண்ணாடியையே ஒழித்துவிடுவார்களாம்.

செய்வதா, வேண்டாமா? செய்தால் எங்கே? மூன்று மாதமாக அவருக்கு இதே நினைப்பு. பேரங்காடி ஒன்றில் இருந்த கிளினிக்குக்குப் போன் செய்தார். கண்ணைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்காமல், "நாளைக்கே வாங்க அங்கிள், ரெண்டாவது கண்ணு பாதி விலை" என்றது ஒரு பெண் குரல். கண்ணைச் செருப்பு மாதிரி ஜோடியாகத் தள்ளுபடியில் விற்கிறார்களே என்று கொஞ்சம் பயந்தார். கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். "முதல்ல வந்து செக் பண்ணுங்க. உங்க கண்ணுக்கு ஒத்து வருமான்னு பாத்துட்டுத்தான் சொல்லுவோம்" என்றார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. முடியும் என்று சொல்ல இவ்வளவு யோசிப்பவர்கள் என்ன டாக்டர்கள்?

இன்னொரு சங்கதியும் உண்டு. ஊசியைப் பார்த்தாலே ராதாகிருஷ்ணன் மயங்கி விழுவார். பள்ளியில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட அன்று, பிள்ளைகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்த ராதாகிருஷ்ணனைத்தான் பெஞ்சில் படுக்க வைத்து விசிறினார்கள்.

ஆகவே கத்தியில்லா லேசர்.

உள்ளே சாமியார் காவித் துண்டு போர்த்தி அமர்ந்திருந்தார். பக்கத்தில் சீடர் தம்புசாமி ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தோடு நின்றார். தாம்பாளம் நிறையக் கண்ணாடிகள்.

"கண்ணாடியப் போடுங்கண்ணே."

"திரும்பக் கிடைக்குமா?"

தம்புசாமி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "காலு நல்லா ஆனவன் கட்டைய திரும்பக் கேப்பானா?"

கண்ணாடி தாம்பாளத்தில் விழுந்தது. காணிக்கை உண்டியலில் விழுந்தது. சாமியார் ஏதோ முணுமுணுத்து வெள்ளிக்குழல் ஒன்றை நீட்டினார். ராதாகிருஷ்ணனின் நெற்றியில் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது. கோளாறு இரண்டு கண்ணில், வைத்தியம் மூன்றாவது கண்ணில்.

"அப்பனே, எதிரே பலகையைப் படி."

சுவரில் பலகை. மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே வர வரச் சிறிய எழுத்துகள். ராதாகிருஷ்ணனுக்கு ஒரு வெள்ளை மேகமும் அதில் சில எறும்புகளும் தெரிந்தன. ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"ஓம்... முருகா... சரவணபவ!"

"சரவணபவ!" என்று கூட்டம் முழங்கியது. இதைக் கண்ணை மூடிக்கொண்டே படிக்காத தமிழன் இந்த நாட்டில் உண்டா? தைப்பூசத்துக்குத் தைப்பூசம் தொண்டை கிழியக் கத்தியது அல்லவா? ஆனால் அந்த நொடியில் ராதாகிருஷ்ணனுக்கு, படித்தது கண்ணா வாயா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. கண்ணீர் வேறு வந்துவிட்டது. பாவம், நல்ல மனிதர்.

சாமியார் கடைசியாக ஒரு ஆணியும் அடித்தார். "வெளியே போனதும் மங்கலாகத் தெரிந்தால், அது கண்ணின் குறை அல்ல அப்பனே. நம்பிக்கையின் குறை."

நம்பிக்கையில் குறை என்று ஒத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? எல்லோரும் பளிச்சென்று தெரிகிறது என்றே சொல்லிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கினார்கள். கடைசிப் படியில் தம்புசாமி காதோடு காதாக ஒரு பிரசாதமும் கொடுத்தார்: "சாமி கனவுல நாலு ஏழு ஒன்பது ரெண்டு வந்துச்சாம். யாருக்கும் சொல்லாதீங்க." இதை இருநூறு பேரிடம் சொன்னார். இருநூறு பேரும் நேராக நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குப் போனார்கள்.

ராதாகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தார். வாசலில் சிவப்பாக நின்ற உருவத்தைப் பார்த்து, "வள்ளி, என் மூஞ்சியப் பாரு! கண்ணாடி இல்ல!" என்றார் பெருமையாக.

பதில் இடது பக்கத்திலிருந்து வந்தது. "நான் இங்க இருக்கேன். அது கேஸ் தோம்பு."

புஷ்பவல்லி அவர் மனைவி; அவருக்கு மட்டும் வள்ளி. அதே பஸ்ஸில் ஆயாவாகப் போகிறவர். எந்தப் பிள்ளை எந்தத் திருப்பத்தில் வாந்தி எடுக்கும் என்பது வரை அத்துப்படி. கணவர் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு ஆணியில் தொங்கிய பஸ் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் இருக்கே, சாவிய ஏன் எடுக்குற?"

"கண்ணாடி வரட்டும், சாவி வரும்."

"ஒனக்கு நம்பிக்கையே இல்ல வள்ளி."

"நம்பிக்கை இருக்கு. நாப்பத்திரண்டு பிள்ளைங்களப் பெத்தவங்க நம்ம மேல வச்ச நம்பிக்கை. அத நான் தாம்பாளத்துல போட மாட்டேன்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "பக்கிரிசாமி அண்ணனுக்குத் தெரியுது, அத்தன பேருக்குத் தெரியுது. எனக்கும் காலைல சரியாயிடும்."

காலையில் சரியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் புஷ்பவல்லி கோப்பியோடு வந்தபோது, ராதாகிருஷ்ணன் பேப்பரை முகத்தில் போர்த்தியிருந்தார். தூங்கவில்லை. நாலு நம்பர் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனி அச்சு மையில் கருத்திருந்தது.

புஷ்பவல்லி கோப்பியைக் கீழே வைத்தார். அவரையும் பேப்பரையும் ஒரு நிமிடம் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, சாமி குடுத்த நம்பர எல்லாருமே எடுத்தாங்களா?"

"எல்லாருந்தான்."

"சட்டையப் போடுங்க, போவோம்" என்றவர், பழைய நாட்காட்டித் தாள் ஒன்றையும் மார்க்கர் பேனாவையும் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று கூட்டம் இன்னும் அதிகம். குணமானவர்கள் எல்லாம் நன்றி சொல்ல வந்திருந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தது பக்தியினால் என்று நம்புவோம்.

புஷ்பவல்லி முதலில் மரியாதையாகத்தான் கேட்டார். "சாமி, எங்க வீட்டுக்காரர் கண்ணாடியத் திருப்பிக் குடுத்துருங்க."

"சந்தேகம் வந்த வீட்டில் வெளிச்சம் தங்காது மகளே."

"சரி சாமி. அப்ப அந்தப் பலகையில வேற எதாச்சும் எழுதிப் படிக்கச் சொல்லலாமா?"

"முருகன் நாமம் பிடிக்கவில்லையா உனக்கு?"

கூட்டம் முணுமுணுத்தது. "இந்தப் பொம்பள எங்கிருந்து வந்துச்சு?" என்றார் பக்கிரிசாமி. ராதாகிருஷ்ணன் மனைவியின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அதாவது, பக்கத்தில் நின்ற வேறு ஒரு பெண்ணின் முந்தானையை. அங்கே தனியாக ஒரு சிறு கலவரம் நடந்தது. அந்தச் சந்தடியில் புஷ்பவல்லி சுவரருகே போய், நாட்காட்டித் தாளைப் பலகையின் மேல் மாட்டிவிட்டார். தாளின் பின்பக்கத்தில், வரிசையில் நின்றபடியே எழுதிய மூன்று வரி. சரவணபவ எந்த அளவோ அதே அளவு எழுத்து.

"நேத்து இழுத்த நாலு நம்பருங்க! மொத பரிசு, ரெண்டாவது, மூணாவது! சாமி குடுத்த நம்பர் வந்திருக்கா பாருங்க! எனக்கு அதெல்லாம் புரியாது, யாராச்சும் படிச்சுச் சொல்லுங்களேன்!"

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

குணமான இருநூறு பேர் சுவரை உற்றுப் பார்த்தார்கள். கண்ணைச் சுருக்கினார்கள். கழுத்தை நீட்டினார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முருகன் வந்தால் வாய் படிக்கும். எண் வந்தால் கண்தானே படிக்க வேண்டும்?

பிறகு சலசலப்பு. ஒரு அக்காவின் கை மெதுவாகக் கைப்பைக்குள் போனது. ஒரு அங்கிள் குனிந்து காலுறைக்குள் விட்டார். ஒருவர் இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்தார். ஒன்று பத்தாயிற்று, பத்து நூறாயிற்று. தாம்பாளத்தில் போட்டது பழைய கண்ணாடி. வீட்டில் இருந்த மாற்றுக் கண்ணாடி, ராதாகிருஷ்ணனைத் தவிர எல்லோரிடமும் பத்திரமாக இருந்தது. பக்கிரிசாமி சட்டைப் பொத்தானைக் கழற்றினார். கயிற்றில் கட்டி நெஞ்சோடு தொங்கவிட்டிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மூன்று மாதச் சாட்சி!

"நாலு... ஏழு..." என்று ஆரம்பித்தார் பக்கிரிசாமி.

"ஒன்பதா? ஒன்பதுதானே அப்புறம்?" என்று ஒரு குரல் பதறியது. எல்லோரும் திரும்பினார்கள்.

சாமியார். எழுந்து நின்றிருந்தார். காவித் துண்டின் மடிப்பிலிருந்து எடுத்த தடித்த கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது. தன் நம்பரைத் தானும் எடுத்திருப்பார் போலிருக்கிறது.

முதலில் சிரித்தது செண்டோல்காரர். மாடிக்கு எதற்கு வந்தாரோ தெரியாது. பிறகு அந்த அறையே வெடித்தது.

"இது... இது ஞானக் கண்ணாடி!" என்று சாமியார் தடுமாறியபோது, வெள்ளிக்குழல் மடியிலிருந்து நழுவி உருண்டது. அதன் மேல் பொடி எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

"என்ன எழுதியிருக்கு?" ஆளாளுக்கு வாங்கிக் கண்ணைக் கசக்கினார்கள்; கண்ணாடி போட்டும் அந்தப் பொடி எழுத்து பிடிபடவில்லை.

"இங்க குடுங்க" என்றார் ராதாகிருஷ்ணன். கிட்டப்பார்வைக்காரனுக்குத் தூரத்தில் யானை தெரியாது. மூக்கு நுனியில் எறும்பின் பல் தெரியும். குழலை மூக்கில் ஒட்டிக்கொண்டு, அந்த ஆசிரமத்திலேயே முதல் ஆளாகக் கண்ணாடியில்லாமல் ஒன்றை உண்மையாகவே படித்தார். இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கியும் சொன்னார்.

"விளையாட்டு லைட். ரெண்டு பேட்டரி. கண்ணுல அடிக்காதீங்க, கண்ணு போயிரும்."

யாரும் இப்போது சிரிக்கவில்லை. நூறு கைகள் நூறு நெற்றிகளுக்குப் போயின. புள்ளி இரண்டு விரல்கடை கீழே விழுந்திருந்தால்?

அந்த அமைதியில்தான் பின்படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. தம்புசாமி முன்னால், சாமியார் பின்னால். சாமியார் கண்ணாடியைக் கழற்றாமல்தான் ஓடினார். படி செங்குத்து அல்லவா?

பிறகு தாம்பாளத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் திருவிழா. அவர் கண்ணாடியை இவர் மாட்டினார், இவர் கண்ணாடியை அவர் மாட்டினார். ராதாகிருஷ்ணனின் கண்ணாடி அடியில் கிடந்தது. ஒரு கால் வளைந்திருந்தது. மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே புஷ்பவல்லி நின்றார், மூக்குத்தி வரை துல்லியமாக.

"தெரியுதா?"

"தெரியுது" என்றார். "நாளைக்கு நான் அந்தப் பஸ்ஸ எடுத்திருந்தா, வள்ளி..."

புஷ்பவல்லி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

அடுத்த மாதப் பள்ளி விடுமுறையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா ஊசி எதுவும் எடுக்காமலே ராதாகிருஷ்ணன் ஒரு தடவை மயங்கப் பார்த்தார். இரண்டு மணி நேரம் விதவிதமான கருவிகளில் கண்ணை அளந்த பிறகு அந்த அம்மா சொன்னார்: "லேசர் நல்ல வைத்தியம்தான், ஆனா உங்களுக்கு இல்ல அங்கிள். கண்ணோட முன்பக்கம் ரொம்ப மெல்லிசு. அதச் செதுக்குனா ஆபத்து. கண்ணாடியே போட்டுக்குங்க."

"அவ்வளவுதானா டாக்டர்? மந்திரம், மாத்திரை, பாதி விலை...?"

"ஒண்ணும் இல்ல. கண்ணாடிக் கால் வளைஞ்சிருக்கு, அத மட்டும் நிமித்திக்குங்க."

வெளியே வந்ததும் ராதாகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றி, வளைந்த காலை நிமிர்த்தப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கேக்காமலே அந்தக் கிளினிக்குப் பொண்ணு நாளைக்கே வான்னுச்சு. சாமியாரு வந்தவன் எல்லாருக்கும் பளிச்சுன்னாரு. பாத்துட்டு முடியாதுன்னு சொன்னது இந்தம்மா ஒருத்திதான் வள்ளி. இவங்கள நம்பலாம்."

பள்ளி நாள் தோறும் மஞ்சள் பஸ் இப்போதும் போகிறது. கண்ணாடி நழுவாமல் இருக்கப் பின்னால் ஒரு ரப்பர் பட்டை. 'போத்தல் அங்கிள்' என்று பிள்ளைகள் முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள், அவரும் ஹாரன் அடித்துப் பதில் சொல்கிறார். போன வாரம் மேரு ரோட்டுத் தூண் ஒன்றில் புதுச் சுவரொட்டியைத் தூரத்திலிருந்தே படித்தார்: 'காது கேளாதோருக்கு தெய்வீக ஒலி! மெஷினைக் கழற்றிவிட்டு வாருங்கள்!' அடியில் வரிசை செண்டோல் வண்டி வரைக்கும் நின்றது. முன்னாலேயே பக்கிரிசாமி நின்றார்.

மக்களே, தூரத்தில் இருப்பது தெரியாவிட்டால் கண்ணாடி மாட்டிக்கொள்ளலாம், அதில் வெட்கம் இல்லை. எதிரே நிற்பவனைத் தெரியாவிட்டால்தான் கஷ்டம். அதற்கான கண்ணாடியை எந்தக் கடையிலும் விற்கவில்லை. கழுத்துக்கு மேலே ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறீர்கள். அதையாவது தாம்பாளத்தில் போடாதீர்கள்.