நான் இல்லாதபோது நான் பேசியது

நான் இசையமைப்பாளர் ஆவது என்று முடிவெடுத்தபோது என் வாய் நிறையச் சோறு இருந்தது. விழுங்கிவிட்டு யோசித்திருந்தால் இந்த வம்பே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவி அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை.

"என்னங்க, நான் நீச்சல் வகுப்புல சேரப் போறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு. திரும்ப எட்டாயிடும்."

"தாராளமா சேரு."

"அப்ப ராத்திரி சமையல் உங்க பொறுப்பு."

சோறு தொண்டையில் நின்றது. ஆறு முதல் எட்டு வரை நான் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரோடு சதுரங்கம் ஆடுகிற நேரம். பகலெல்லாம் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, யார் கார் யார் காரை இடித்தது என்ற பஞ்சாயத்தைக் கேட்கிறவன் நான். அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு உயிர். அதை வெங்காயத்துக்குத் தாரை வார்ப்பதாவது. ஆனால் சதுரங்கம் என்று காரணம் சொன்னால் அவள் சட்டை செய்யமாட்டாள். படிப்பு என்றால்தான் எடுபடும்.

"முடியாதும்மா. நான் இசை படிக்கப் போறேன்."

"எதைப் படிக்கப் போறீங்க?"

"இசை. கம்ப்யூட்டர்ல. நாம டைப் அடிக்கிறதை அது பாட்டா வாசிக்கும். அதுக்குன்னே ஒரு மொழி இருக்கு. பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். தினம் ஆறிலேர்ந்து எட்டு வரைக்கும் பயிற்சி. எழுந்திருக்கவே கூடாது."

"நீங்க குளிக்கும்போது பாடினா எதிர் வீட்டுல ஜன்னலைச் சாத்துறாங்க."

"இதுல பாடவே வேண்டாம். அதான் விசேஷம்."

"அப்ப டாக்டர்? சதுரங்கம்?"

"விட்டுட்டேன்" என்றேன், முற்றும் துறந்த குரலில்.

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "சரி, கத்துக்கோங்க. நீச்சல் குளம் எங்கயும் ஓடிடாது."

இவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டால் பயப்பட வேண்டும் என்று அனுபவம் சொன்னது. எனக்கு அனுபவத்தின் பேச்சைக் கேட்கிற வழக்கம் இல்லை.

பின்பக்க அறையில் கணினியை வைத்துக்கொண்டு முதல் சில நாள் நிஜமாகவே கற்றேன். தமிழில் சொன்னால் விஷயம் இவ்வளவுதான். 'வாசி' என்று எழுதிப் பக்கத்தில் ஓர் எண் போட்டால் ஒரு சுரம் ஒலிக்கும். எண் ஏறினால் சுரமும் ஏறும். 'தூங்கு' என்று எழுதினால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கட்டளை அது. 'திரும்பத் திரும்ப' என்று எழுதினால், நிறுத்து என்கிற வரைக்கும் அதையே வாசித்துக்கொண்டிருக்கும். ஆனால் நடுவில் எங்கேயாவது 'தூங்கு' போட மறந்தால், நீ தூங்கவே இல்லை என்று திரை முழுக்கச் சிவப்பில் திட்டும். வகுப்பில் தூங்கியதற்காக என்னைத் திட்டாத வாத்தியார் கிடையாது. தூங்காததற்குத் திட்டிய முதல் வாத்தியார் இதுதான்.

மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன சத்தம்? எந்தக் கதவுக்கு எண்ணெய் போடணும்?"

"இது என் முதல் மெட்டு."

"அழுவுற மாதிரி இருக்கே."

"சோக ராகம்."

"யாருக்கு?"

"கதவைச் சாத்திட்டுப் போம்மா. திறந்தா தாளம் கலையுது."

அவள் போனதும்தான் மூளையில் விளக்கு எரிந்தது. இது திரும்பத் திரும்ப வாசிக்குமென்றால், நான் எதற்கு? 'ஏதாவது ஒன்றை எடு' என்று இன்னொரு கட்டளையும் உண்டு. பத்துச் சுரங்களைக் கொடுத்தால் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் பொறுக்கி வாசிக்கும். கேட்பவர்களுக்கு, கற்றுக்குட்டி ஒருவன் தட்டுத்தடுமாறிப் பழகுவது போலவே இருக்கும். தப்புத் தப்பாக வாசிப்பதற்கு ஒரு தப்பும் இல்லாமல் எழுதினேன். ஓட விட்டேன். பின்கதவு வழியாக நழுவி டாக்டர் வீட்டுக்குப் போய் அவருடைய குதிரை இரண்டையும் வெட்டிவிட்டு வந்தேன்.

"என்னங்க, ரெண்டு மணி நேரமா உங்க குரலே கேக்கல? உடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி.

குரல் கேட்க வேண்டுமாம். அதற்கும் வழி இருந்தது. நம் குரலைப் பதிந்து கொடுத்தால் சுரத்தைப் போலவே அதையும் வாசிக்கும். மறுநாளே நாலைந்து பதிவு செய்தேன். ஓர் இருமல். ஒரு "ம்ம்". ஒரு "இரு இரு, வேலையா இருக்கேன்". கடைசியாக, கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அதிகம் சொன்ன, எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற "சரி சரி, அப்படியே செஞ்சிடலாம்". தண்ணீர் வேண்டும் என்று மட்டும் பதியவில்லை. கேட்டால் கொண்டு வந்துவிடுவாளே. அவ்வளவு முன்யோசனை எனக்கு.

அப்புறம் வந்தது பொற்காலம். டாக்டர் தினமும் தோற்றார். எட்டு மணிக்கு நான் பின்கதவால் நுழைந்து, கணினியை நிறுத்தி, விரல்களை உதறிக்கொண்டே சாப்பிட வருவேன்.

"கஷ்டப்படுறீங்க" என்பாள் மனைவி.

"கலைன்னா சும்மாவா."

"இன்னிக்கு ரொட்டியும் முட்டையும்தான்."

"போதும்மா. என்ன, தலையெல்லாம் ஈரமா இருக்கு?"

"வேர்க்குதேன்னு குளிச்சேன்."

சாப்பாடு நாளுக்கு நாள் ரொட்டியும் முட்டையுமாகவே சுருங்கியது. என் இசையைக் கேட்டு உருகி நிற்பதில் அவளுக்கு அடுப்பு மறந்துபோகிறது என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். முட்டாளுக்குப் பெருமைப்படத் தனிக் காரணம் வேண்டியதில்லை.

ஒருநாள் ஆட்டம் பாதியில் நின்றது. கன்னம் வீங்கிய ஆசாமி ஒருவர் ஓலமிட்டுக்கொண்டு வந்ததில் டாக்டர் குறடு தேடப் போய்விட்டார். நான் சீக்கிரமே திரும்பி, பின்கதவை மெல்லத் திறந்தேன். பழகுகிற சத்தம் ஜோராகக் கேட்டது. நடுவில் சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

"என்னங்க, இன்னிக்கு நல்லா வாசிக்கிறீங்க."

"ம்ம்" என்றது என் குரல்.

"தொந்தரவு பண்றேனா?"

"இரு இரு, வேலையா இருக்கேன்."

"இருங்க, இருங்க. நான் பாட்டுக்குச் சமைச்சிட்டிருக்கேன்."

எங்கள் குடும்ப வாழ்க்கையில் இத்தனை இணக்கமான உரையாடலை நான் கேட்டதே இல்லை. மனசு குளிர்ந்துபோய் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றேன். கொஞ்ச நேரம் வெறும் சுரங்கள். பிறகு மறுபடி அவள் குரல்.

"என்னங்க, நாளையிலேர்ந்து ராத்திரி சமையலை நீங்களே பண்ணிடுறீங்களா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இருமலோ கிருமலோ வந்து விழும், பிழைத்தேன் என்று நினைத்தேன்.

என் குரல் கொஞ்சம் யோசித்தது. அப்புறம் சாவகாசமாகச் சொன்னது: "சரி சரி, அப்படியே செஞ்சிடலாம்."

பதறிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அங்கே யாரும் இல்லை. அடுப்பு ஜில்லென்று இருந்தது. மசாலா டப்பாக்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது. "ரொம்ப சந்தோஷங்க" என்றது அது, என் மனைவியின் குரலில்.

திரும்பி என் அறைக்கு ஓடினேன். கணினிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், நான் கேட்காத தண்ணீர். திரையில் நான் எழுதிய வரிகள். அவற்றுக்குக் கீழே, நான் ஒருநாளும் கீழே இறங்கிப் பார்க்காத இடத்தில், இன்னொரு கை எழுதிய வரிகள் நீளமாக ஓடின. என் 'ஏதாவது ஒன்றை எடு' வெட்டப்பட்டு, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தது. தூங்க வேண்டிய இடத்திலெல்லாம் கச்சிதமாகத் தூங்கியது. கணினி படிக்காமல் தாண்டிவிடும் குறிப்பு வரி ஒன்றும் இருந்தது: 'இங்கே கொஞ்சம் தூங்க விடவும். அவர் யோசித்துத்தான் சரி சொல்வார்.'

நான் காலியாக விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்து என் பாடத்தை ஒருத்தி முழுசாகப் படித்து முடித்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. கூடவே, சொன்னால் வெட்கக்கேடு, கொஞ்சம் பெருமையும் வந்தது. இதற்கிடையில் ஆளில்லாத வீட்டில் நாங்கள் இருவரும் மறுபடி முதலிலிருந்து அன்பாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம்.

முன்கதவு திறந்தது. தோளில் ஈரத் துண்டோடு அவள் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

"பயிற்சி சீக்கிரம் முடிஞ்சிடுச்சா?"

"சமையலுக்கு நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

"ஏன், இப்பத்தான சொன்னீங்க? தெருவுக்கே கேட்டுதே."

"அது நான் இல்ல."

"உங்க குரல்தானே?"

"குரல் என்னோடது. ஆனா நான்..."

"ஆனா நீங்க?" என்று துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். "நீங்க அப்ப ரூம்ல இல்லியா?"

உண்மையைச் சொன்னால் சதுரங்கம் போகும். பொய்யைச் சொன்னால் சமையல் வரும். எப்படி நகர்த்தினாலும் ராஜா விழுகிறார். டாக்டரிடம் ஒருநாளும் நான் இப்படி மாட்டியதில்லை.

"ரூம்லதான் இருந்தேன்" என்றேன்.

"அதான பார்த்தேன்" என்றாள். "முட்டையை வேக வைங்க. நீச்சலடிச்சா நல்லா பசிக்குது."