பன்னிரண்டு நாகுகள்

படிவத்தில் பாலேந்திராவுக்கு ஒரு கட்டம்தான் பாக்கி. 'கன்று போடுவது சுலபமாக இருக்குமா?'

லண்டன் விமான நிலையத்துப் பக்கம், ஹவுன்ஸ்லோவுக்கு அப்பால் இருந்த அந்த இறைச்சி மாட்டுப் பண்ணையில், இன்னும் கன்று போடாத நாகுகள் பன்னிரண்டு நின்றன. தேறுபவை காளையிடம் போகும். தேறாதவை நாளை லொறியில், வெட்டுக்கு. விவசாயம் படித்தவன் என்று முதலாளி தெரிவை அவனிடம் விட்டிருந்தார்.

நாடாவால் இடுப்பை அளந்தான். நாலு ஒடுக்கம். கழித்தான்.

"மிச்சத்துக்குச் சுலபம் எண்டு போடன் தம்பி," என்றார் மாடு பார்க்கும் கிறிஸ்துராஜா.

"தாய் மாடுகள் கஷ்டப்பட்டதோ எண்டும் பார்க்கோணும் அண்ணை."

பழைய பதிவைப் புரட்டினான். மிச்சத்தில் மூன்றின் தாய்களுக்குக் கன்றைக் கயிறு போட்டு இழுத்து எடுத்திருந்தார்கள். கழித்தான். இன்னும் இரண்டு, கன்று வரும் வழி அடைபடும் அளவுக்குக் கொழுத்துவிட்டன. கழித்தான். முதல் நாலில் ஒன்றான ஏழாம் நம்பர் மூன்று காரணத்துக்கும் கழிந்தது.

"இந்த மூண்டுக்கும் என்ன குறை?"

"குறை இல்லை."

"பிறகென்ன?"

பாலேந்திராவின் மனைவி வத்சலாவுக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. சுலபமாகப் பெறுவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் சொன்னான். சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவன் எழுதியதில்லை.

மூன்றையும் கழித்தான்.

"அப்ப வாங்கின காளைக்கு என்ன வேலை? பிளேன் எண்ணுறதோ?"

"ஒண்டும் சாகக்கூடாது அண்ணை."

"அதுக்குத்தான் வெட்டுக்கு அனுப்புறியோ?"

மறுநாள் முதலாளி படிவத்தைப் பார்த்து நெற்றியைத் தேய்த்தார். படித்தவன் சொல்கிறான். லொறிக்குக் கை காட்டினார். ஏறியவை பதினொன்று. லொறி காத்திருக்கவில்லை.

"ஏழாம் நம்பரைக் காணேல்லை," என்றார் கிறிஸ்துராஜா.

பாலேந்திரா கயிற்றோடு வேலி நெடுகத் தேடினான். ஒடுங்கிய இடுப்பு, கெட்ட வம்சம், பெருத்த வயிறு. எங்கே விழுந்து கிடக்கிறதோ.

பண்ணை வீட்டில் சமைக்கும் றோஸ்மலர், கிறிஸ்துராஜாவின் மனைவி, வாளியோடு எதிரே வந்தாள்.

"ஏழாம் நம்பரோ தம்பி? அது விடியவே வேலிக்கு அங்கால ஒருத்தற்றை உதவியும் இல்லாமல் பக்கத்துப் பண்ணைக் காளையின்ரை கண்டைப் போட்டிட்டு நிக்குது. கண்டுக்குப் பின்னால விழுந்த இளங்கொடியையும் ஊர் வழக்கப்படி நான் பையில போட்டு மரத்தில கட்டிட்டன்."