மருமகள் கம்ப்யூட்டருக்கு மாமனார் மாட்டிய ஃபேன்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, தங்கள் மகளும் எங்கள் மருமகளுமான குழந்தை, மூவரும் சுகம். வெளியூரில் வேலையாக இருக்கும் பையனும் சுகமாக இருப்பதாகச் சொன்னான். தங்கள் இரத்த அழுத்தமும் சம்பந்தியம்மாவின் முழங்காலும் சொன்ன பேச்சுக் கேட்கின்றன என்று நம்புகிறேன். போன் என்று ஒன்று இருக்கும்போது இந்த மனிதர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். காது மந்தமானதிலிருந்து நான் போனில் ரகசியம் பேசினால் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காருகிறது. இதுவோ தங்கள் மகள் காதில் விழவே கூடாத விஷயம். அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் நன்றி. பிறகும் நன்றிதான், ஆனால் நடுவில் கொஞ்சம் கதை இருக்கிறது. நமக்குள் மரியாதை அதிகம், பேச்சு குறைவு. பிள்ளைகள் கல்யாணமான நாளிலிருந்து "சாப்பிட்டீங்களா?", "ஆச்சு, நீங்க?" என்பதைத் தாண்டி நாம் ஏதாவது பேசியிருந்தால் அது மழையைப் பற்றித்தான் இருக்கும். அப்படிப்பட்ட தாங்கள் போன செவ்வாய்க்கிழமை மதியம் முழுக்க என்னோடு போனில் இருந்தீர்கள், ஒரு வார்த்தை திட்டவில்லை. மின்வாரியத்தில் மேற்பார்வையாளராக இருந்தவருக்கு என்னைத் திட்ட எத்தனை காரணம் இருந்தது என்பது எனக்குத் தெரியாதா?

குழந்தை கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியது தங்களுக்குத் தெரியும். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் கட்டி, அதற்குள் நாம் நடந்து போவது போலப் படம் செய்து கொடுக்கிறாள். முதல் வாடிக்கையாளர் ஓர் ஆஸ்பத்திரிக்காரர். வெள்ளிக்கிழமைக்குள் படம் போய்ச் சேர்ந்தால் அவருடைய அடுத்த கட்டடங்களும் இவளுக்குத்தான். தவறினால் மறுபடி அந்தப் பழைய மேலதிகாரியிடம் போய் நிற்க வேண்டும். இந்த நேரம் பார்த்து, தாங்கள் தங்கள் கையாலேயே பூட்டிப் பரிசாகக் கொடுத்த அந்தக் கம்ப்யூட்டர் பாதி வேலையில் பொட்டென்று அணைந்து போக ஆரம்பித்தது. "சூடாகுது மாமா. சூடு தாங்காம அதுவே நிறுத்திக்குது" என்று அவள் முகம் சுண்டிப்போய்ச் சொன்னாள்.

சம்பந்தி, நான் வாழ்நாள் முழுக்க சினிமா தியேட்டர் மேனேஜராக இருந்தவன். அங்கே படம் மோசமாக இருந்தாலும், கதாநாயகி செத்துப்போனாலும், ஜனங்கள் "ஃபேனைப் போடுய்யா!" என்றுதான் கத்துவார்கள். என்னிடம் இருந்த ஒரே மருந்து, இருப்பதைவிடப் பெரிய ஃபேன். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே பவுடர் டப்பா மூடி அகலத்தில் ஒன்று அசட்டுத்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரி கட்ட முடியுமா என்று நினைத்தேன். நேரே பழைய சாமான் விற்கும் தெருவுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு கறுப்பு ஃபேனை எடுத்து என் கையில் வைத்தார், இரும்புக் குண்டு போலக் கனத்தது. "பெரிய கம்பெனி மெஷின்ல இருந்து கழட்டினது சார். ஓடும்போது மட்டும் உள்ள கைய விட்றாதீங்க" என்றார். அந்த எச்சரிக்கைதான் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

செவ்வாய்க்கிழமை குழந்தை வாடிக்கையாளரைப் பார்க்கக் கிளம்பினாள். வந்து பார்க்கும்போது அசந்துபோகட்டும் என்று நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பழைய ஃபேனைக் கழற்றும்போதே அதன் இறக்கை இரண்டு என் கையோடு வந்துவிட்டன. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை, இனிமேல் அது எதற்கு? புது ஃபேன் அதே திருகு ஓட்டைகளில் உட்கார்ந்தது, அதன் மூன்று வயர்களின் முனையும் கம்ப்யூட்டர் போர்டில் நீட்டிக்கொண்டிருந்த மூன்று குச்சிகளில் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்துவதெல்லாம் சரியாக இருக்கும் என்று எவன் சொன்னான்? ஸ்விட்சைப் போட்டேன். ஒரு ஊளை கிளம்பியது பாருங்கள், ஜன்னல் திரை பெட்டியை நோக்கி வந்தது, குழந்தை சுவரில் ஒட்டியிருந்த குறிப்புச் சீட்டெல்லாம் கிளம்பிப் பறந்தன, சமையலறையிலிருந்து என் மனைவி, "ஏங்க, நான் மிக்ஸியே போடலையே!" என்று ஓடிவந்தாள். நான் பெருமையாகத் திரும்பிச் சிரிப்பதற்குள் ஒரு கருகல் வாடை, ஒரு நூல் புகை, ஊளை நின்றது, கம்ப்யூட்டர் திரையும் கறுத்துப்போனது.

"சம்பந்திக்குப் போன் போடுங்க" என்றாள் என் மனைவி.

"அவருக்கா? அவர் பண்ணிக் கொடுத்ததைத்தான்டி கருக்கி வெச்சிருக்கேன்!"

"அதனாலதான் அவருக்கு. அந்தப் பொண்ணு வேலை போச்சுன்னா அப்புறம் இந்த வீட்டுல உங்களுக்கு சோறு கிடையாது, சொல்லிட்டேன்."

தாங்கள் எடுத்தீர்கள். நான் உளறிக் கொட்டினேன். வேறு யாராக இருந்தாலும் "என்னய்யா காரியம் பண்ணினே" என்று ஆரம்பித்திருப்பார்கள். தாங்கள் கேட்ட முதல் கேள்வி, "சுவர் ஸ்விட்சை அணைச்சு பிளக்கை உருவிட்டீங்களா? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" அடுத்து, "ஃபேன் நடுவுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆம்பியர் எவ்வளவுன்னு படிங்க." என் மனைவி பூதக்கண்ணாடியை வைத்து "ரெண்டரை" என்று படித்தாள். தாங்கள் அப்போது எந்தத் திட்டை விழுங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். பிறகு சொன்னீர்கள்: "சம்பந்தி, போர்டுல இருக்கிற அந்தக் குச்சிங்க ஒரு ஆம்பியருக்கு மேல தாங்காது. சின்னக் குழந்தை தலையில நெல் மூட்டையை ஏத்தின மாதிரி ஆயிடுச்சு. போர்டு முழுக்கப் போயிருக்காது, அந்த ஒரு வழிதான் கருகியிருக்கும். பயப்படாதீங்க."

அதன் பிறகு தாங்கள் நடத்திய பாடத்தை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். ஃபேனுக்குச் சாப்பாடு போர்டிலிருந்து வரக்கூடாது, மெஷினுக்குள்ளேயே தனியாக இருக்கும், கரண்ட் கொடுக்கும் பெட்டியிலிருந்து நேராக வர வேண்டும். அதற்கென்று தனி வயர் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும், கையால் முறுக்கி டேப் ஒட்டும் வேலையே வேண்டாம் என்றீர்கள். என் மனைவியின் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன், போனை வைக்காமல் கூடவே வந்தீர்கள். கடைக்காரப் பையன் ஒரு வயரைக் காட்டி, "சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, பாருங்க எவ்வளவு சரியா இருக்கு" என்றதும் நான் காசை எடுத்துவிட்டேன். "வாங்காதீங்க!" என்று தாங்கள் போட்ட சத்தம் கடைக்கே கேட்டது. "கரண்ட் பெட்டியில சிவப்பு வெறும் அஞ்சு வோல்ட். ஃபேனுக்குப் பன்னிரண்டு வேணும், அது மஞ்சள்ல வரும். ஃபேன் சிவப்பு, பெட்டி மஞ்சளோட சேரணும். தடிச்ச வயரா கேளுங்க. அப்படியே மேல மூட ஒரு கம்பி வலையும் வாங்குங்க, யார் விரலும் போயிடக் கூடாது."

ஃபேனில் மீதியிருந்த மூன்றாவது வயர் மட்டும் எனக்குப் புரியவில்லை. "அதுல கரண்ட் போகாது. ஃபேன் சுத்துதுன்னு போர்டுக்குச் சேதி மட்டும் சொல்லும். சேதி வரலைன்னா மெஷின் எழுந்திருக்க மாட்டேன்னுடும்" என்றீர்கள். தியேட்டரில் கூட்டம் உட்கார்ந்தாயிற்று என்று டார்ச் அடித்துக் காட்டினால்தான் ஆபரேட்டர் படத்தை ஓட்டுவார். உடனே புரிந்துகொண்டேன். சாப்பாடு ஒரு பக்கம், சேதி ஒரு பக்கம். அந்தச் சேதி வயரை மட்டும் போர்டில் கருகாமல் மிஞ்சிய குச்சியில் மாட்டினோம். என் மனைவி சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டே ஸ்விட்சைப் போட்டாள். ஊளை கிளம்பியது, புகை வரவில்லை, கம்ப்யூட்டர் திரையில் வெளிச்சம் வந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் போனிலேயே நன்றி சொல்லியிருப்பேன். சாயங்காலம் குழந்தை வந்து, அறை வாசலில் நின்று, "என்ன இது, ஏரோப்ளேன் மாதிரி?" என்று மிரண்டுபோய்த் தங்களுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். தாங்கள் கொஞ்சமும் யோசிக்காமல், "நான்தாம்மா மாமாகிட்ட சொல்லி பெரிய ஃபேனா போடச் சொன்னேன். உன் வேலை நிக்கக் கூடாதுல்ல?" என்றீர்கள். "தேங்க்ஸ்ப்பா. மாமா, உங்களுக்கும் தேங்க்ஸ்" என்றாள் அவள். நான் கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் வெளியே போய்விட்டேன். கண்ணில்தான் ஈரம், கண்ணாடியில் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை வரைக்கும் மெஷின் ஒரு தரம்கூட அணையவில்லை. வீட்டில் நாங்கள் சைகையிலேயே பேசிக்கொண்டோம். கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியான வாரம் இதுதான் என்கிறாள் என் மனைவி. படம் போய்ச் சேர்ந்தது, ஆஸ்பத்திரிக்காரர் அடுத்த கட்டடத்தையும் கொடுத்துவிட்டார். எல்லாம் தங்கள் கைராசி. தங்களைப் போல ஒரு சம்பந்தி கிடைக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். அங்குள்ள சின்னவர்களுக்கெல்லாம் ஆசிகள். தாங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருந்து, அவ்வப்போது எங்கள் போனையும் எடுக்க வேண்டும்.

என்றும் நன்றி மறவாத,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது, கருகிய குச்சிகளைச் சரிசெய்ய மெக்கானிக் வந்துவிட்டார். ஃபேனுக்கு அடியில், மெஷினின் சூட்டை வாங்கிக்கொள்ள வைத்திருந்த உலோகக் கட்டியைத் தூக்கினார். அதன் அடியில், சூட்டை மேலே ஏறவிடாமல் ஒட்டிக்கொண்டு ஒரு கண்ணாடிக் காகிதம். மாட்டுவதற்கு முன் உரித்துவிடவும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. தாங்கள் மெஷினைப் பூட்டிய அன்றிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது. அதை உரித்துவிட்டு, சூடு கடத்தும் பசை கொஞ்சம் தடவி, பவுடர் டப்பா மூடி அளவில் ஒரு சாதாரண ஃபேனை மாட்டினார். இப்போது மெஷின் ஓடுகிறதா என்பதே தெரியவில்லை, தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. அன்றே உரித்திருந்தால் எந்த ஃபேனும் மாற்றியிருக்க வேண்டாமாம். அந்தச் சமயம் குழந்தை உள்ளே வந்து, "எதனாலதான் மாமா இவ்வளவு நாளா சூடாச்சாம்?" என்று கேட்டாள். மெக்கானிக் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு, "நான்தாம்மா தூசி தட்டுறேன்னு எதையோ அடைச்சு வெச்சிருக்கேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "பரவாயில்ல மாமா, எங்க அப்பா இருக்காரே, சமாளிச்சுடுவார்" என்றாள். "ஆமாம்மா" என்றேன். அந்தக் கண்ணாடிக் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துப் போட்டுவிடுங்கள்.