நீலக் கதவு வீட்டுக்காக ஒரு ஜெபம்

வம்பளப்பவர்களில் பல வகை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வம்பளக்கும் ஒரே இனம் ஜெப வீரர். பன்னிரண்டு பெஞ்சு மட்டுமே போட்ட சின்னக் கிராமத்து தேவாலயமானாலும், முன்வரிசையில் அவர் ஒருவர் இருப்பார். உங்கள் சபையிலும் உண்டு, எட்டிப் பாருங்கள்.

நம்முடையவர் சைக்கிள் கடைக்காரர். யார் வீட்டில் விடிய விடிய விளக்கு எரிந்தது, யார் மருந்துக் கடைக்கு இரண்டு தரம் போனார், எந்த மருமகள் பெட்டியோடு பஸ் ஏறினாள் என்று பஞ்சர் ஒட்டியபடியே பார்த்து வைத்துக்கொண்டு, ஆள் அகப்பட்டதும் குரலைத் தாழ்த்தி, "மனசுல ஏதோ பாரம் இருக்கு போல, சொல்லும்மா" என்பார். யார்தான் சொல்ல மாட்டார்கள்? ஆறுதலாகக் கேட்கிற காது ஊரில் எத்தனை இருக்கிறது?

தையல்காரியும் சொன்னாள்.

"அவர் வேலைக்குப் போகலண்ணே. குடிய விட ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். அத்தைகிட்ட வெளியூர்ல வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

"அது எதுக்குண்ணே?"

"பொத்தாம் பொதுவா ஜெபிச்சா எப்படிம்மா? விவரம் வேணும்ல."

எல்லாம் அறிந்தவருக்கு இவர் விலாசம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, பாவம்.

ஞாயிற்றுக்கிழமை போதகர், "விண்ணப்பம் உள்ளவங்க ஜெபிக்கலாம்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் இவர் எழுந்துவிட்டார். அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு. யார் பெயரையும் சொல்ல மாட்டார். மானத்தை வாங்குகிற ஆளா அவர்?

"ஆண்டவரே, பேரு உமக்குத் தெரியும், நான் சொல்லல. தபாலாபீசுக்கு எதிர்ல, நீலக் கதவு வீடு. அந்த மகன் வெளியூர் வேலையில இல்ல, குடிய விடுற ஆஸ்பத்திரியில, மாடியில, ஏழாம் கட்டில்ல இருக்கிறதை நீர் அறிவீர். இது அவனைப் பெத்தவளுக்கு எக்காரணம் கொண்டும் தெரிஞ்சிடாதபடி நீரே காத்துக்கொள்ளும்."

பெற்றவள் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள்.

சபை ஒரே குரலில் "ஆமென்" என்றது. பிரசங்கத்துக்குக்கூட இத்தனை ஊக்கமான ஆமென் வந்ததில்லை. அந்த அம்மாள் கண்ணைத் திறந்து மருமகளைப் பார்த்து, "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் பையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துப் பிடித்து வெளியே நடந்தாள். தையல்காரி பின்னாலேயே ஓடினாள். ஜெப வீரர் தலையை ஆட்டி, "பாத்தீங்களா, அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு போராட்டம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நிஜக் கண்ணீர் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

வீட்டுக்குப் போனதும் மாமியார் என்ன கேட்டாள், மருமகள் என்ன சொன்னாள், ஏழாம் கட்டிலுக்கு விஷயம் போனதா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

அட, அதற்குள் நீங்கள் ஏன் இப்படி முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள்? சும்மா ஒரு அக்கறையில்தானே?