பொது எமிட்டர் அற்புதசாமி

திருச்சியில் கொசுவுக்கு அடுத்தபடியாகப் பெருகியிருக்கும் உயிரினம் எது என்று கேட்டால், டிரான்சிஸ்டரை விளக்குகிறவர் என்பேன். ரிப்பேர் செய்கிறவர் இல்லை ஐயா. அவர் பாவம், கடை வைத்துப் பிழைக்கிறார். இவர் விளக்குகிறவர். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் திருப்புளி இருக்கும். வால்வு ரேடியோ காலத்தில் இவர் வாயே திறந்ததில்லை. தொட்டால் ஷாக் அடிக்கும் என்ற பயம். தோளில் மாட்டிக்கொண்டு போகும் டிரான்சிஸ்டர் வந்ததோ இல்லையோ, தென்னூரில் ஒருவர், எடமலைப்பட்டி புதூரில் ஒருவர், ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் “சுவாமி, தேவரீர் பேஸை மறந்துவிட்டீரே!” என்று வழிமறிக்கும் ஒருவர் என ஊரெங்கும் முளைத்துவிட்டார்கள்.

எங்கள் மேலப்புதூர்த் தெருவுக்கு வாய்த்தவர் அற்புதசாமி. ஏதோ ஆபீசில் குமாஸ்தா. தபாலில் ரேடியோப் பாடம் படித்தவர். ஒருநாள் சாயங்காலம் எதிர்வீட்டு வியாகுலம்மாள் தெரியாத்தனமாக அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அன்று அவள் மகள் பேட்ரிசியா முதன்முதலாக வானொலியில் பாடுகிறாள். ஒரே பாட்டு, நேரடி ஒலிபரப்பு, விட்டால் போனதுதான். தெருவெல்லாம் சொல்லிவைத்து, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு டிரான்சிஸ்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள் அந்த அம்மாள்.

“சத்தம் கொஞ்சம் கம்மியா கேக்குது தம்பி” என்றாள். அவ்வளவுதான்.

நீங்களும் நானும் என்ன செய்வோம்? குமிழைத் திருகுவோம். அற்புதசாமி ஸ்க்ரூவைத் திருகினார்.

“சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தானேக்கா கூட்ட முடியும்?” என்று பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை உருவி, உள்ளே இருந்த சர்க்யூட் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். “இந்தா, இந்தக் குட்டிப் பொட்டுதான் டிரான்சிஸ்டர். இதுக்கு மூணு கால். எமிட்டர், பேஸ், கலெக்டர். உள்ள போற சிக்னலுக்கும் வெளிய வர்ற சிக்னலுக்கும் எந்தக் கால் பொதுவோ, அதுதான் இணைப்போட பேரு.”

பிறகு, அவள் கொடுத்த காபியையே விரலால் தொட்டு பெஞ்சில் படம் போட்டு, பொது எமிட்டரில் வோல்டேஜும் ஏறும், கரண்டும் ஏறும், ஆனால் உள்ளே போன சிக்னல் தலைகீழாக வெளியே வரும் என்றும், பொது பேஸில் கரண்ட் மட்டும் ஏறும் என்றும், பொது கலெக்டரில் வோல்டேஜ் மட்டும் ஏறும் என்றும், இந்த இரண்டிலும் தலைகீழாவது கிடையாது என்றும், படம் காயக் காயக் காபி தொட்டு விளக்கிக்கொண்டே போனார். காபி தீர்ந்தது. விளக்கம் தீரவில்லை.

“மணியாச்சு தம்பி. பழையபடி மூடிக் குடுத்துடுங்க. கம்மியா கேட்டாலும் பரவால்ல.”

“அவசரப்பட்டா எப்படிக்கா? பயாஸ்னு ஒண்ணு இருக்கு, அத இன்னும் சொல்லவே இல்லியே!”

அந்நேரம் பக்கத்து வீட்டிலிருந்து கமருன்னிசா கத்தினாள்: “அக்கா! நம்ம பேட்ரிசியா பாடுது, கேக்குறீங்களா?”

வியாகுலம்மாள் ஓடினாள். கொல்லைச் சுவரில் காதை வைத்தாள். மகளுடைய குரல் மெல்லியதாக வந்தது. பின்னாலேயே, கையில் அட்டையோடு அற்புதசாமியும் வந்தார்.

“அந்த செட்டுலயும் பொது எமிட்டர்தான்க்கா. நல்லா கவனிச்சுக் கேளுங்க...”

“தம்பி, என் மக பாடுறா!”

“அதத்தான் சொல்றேன். இப்ப அவ குரலு அதுக்குள்ள தலைகீழாத் திரும்பித்தான்...”

அவர் முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. அடப்பாவி மனுஷா!

வீடு திரும்பிய பேட்ரிசியா, செருப்பைக்கூடக் கழற்றாமல், “எப்படிம்மா இருந்துச்சு?” என்றாள். தாய் வாயைத் திறக்குமுன் அற்புதசாமி பதில் சொன்னார்: “கொஞ்சம் டிஸ்டார்ஷன் இருந்துச்சும்மா.” அந்தப் பெண் முகம் சுண்டிப்போயிற்று.

அவரை விடுங்கள், அவர் திருந்தப்போவதில்லை. உங்கள் விஷயத்துக்கு வருவோம். மேலே பொது பேஸையும் பொது கலெக்டரையும் நான் வேண்டுமென்றே மாற்றி எழுதினேன். பேஸில் ஏறுவது வோல்டேஜ். கலெக்டரில் ஏறுவது கரண்ட். அங்கேயே கண்டுபிடித்து, “ஐயோ, தப்பு!” என்று துள்ளினீர்களா? ரொம்ப சந்தோஷம். அந்தத் தாய் சுவரில் காதை வைத்து நின்றாளே, அப்போதும் அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

சட்டைப் பையைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். பேனாதானா?