ஓனர் சார் திறந்த கேக் கடை

தொழில் தொடங்குவதைப் பற்றி ஓனர் சார் அளவுக்குத் தெரிந்தவர் உலகத்திலேயே கிடையாது. நடத்துவதைப் பற்றி அவர் அளவுக்குத் தெரியாதவரும் கிடையாது. ஏற்காட்டில் நான் எம்.பி.ஏ. படித்த கல்லூரியில் தொழில்முனைவுப் பேராசிரியர். ஏழு கம்பெனி ஆரம்பித்து ஏழையும் ஊத்தி மூடியவர். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

குரங்கால் திறக்க முடியாத கைப்பை என்று ஒன்று செய்தார். குரங்கு திறந்துவிட்டது; வாங்கினவர்களால்தான் திறக்க முடியவில்லை. மறுநாளே அது பாடம். "புத்தகத்துல இருக்கறது அடுத்தவன் தோல்விங்க. இது நானே பட்டது, ஃப்ரெஷ்ஷு!" என்பார். பரீட்சையிலும் கேள்வி வரும். நான் இரண்டு அடிஷனல் ஷீட் வாங்கி எழுதினேன்.

எட்டாவதுதான் வில்லங்கம். கடைசிக் கொண்டை ஊசி வளைவில் கேக் கடை போட்டார். கடையைப் பார்த்துக்கொள்ள, பக்கத்து வெள்ளக்கடை கிராமத்துப் பொன்னம்மாக்காவை எஸ்டேட் வேலையை விட வைத்துக் கூட்டிவந்துவிட்டார். இது படுத்தால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது.

சேலம் பஸ் அத்தனை வளைவும் சுற்றி வந்து அங்கேதான் மூச்சு வாங்க நிற்கும். ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இறங்குவார்கள். சார் அவர்கள் மூக்குக்கு நேராக க்ரீம் கேக்கை நீட்டுவார். அப்புறம் நடந்ததை எழுதினால் பத்திரிகையில் போடமாட்டார்கள். ப்ராஜெக்ட் என்ற பெயரில் தட்டு பிடித்த என் சட்டைக்குத் தெரியும்.

அக்கா ஒரு வாரம் பொறுத்தார்.

"ஏனுங்க சார், வாந்தி வாரவங்க கிட்ட கேக்கைக் காட்டறீங்களே, நல்லாருக்குதுங்களா? உங்கள நம்பி வேலைய உட்டுட்டு வந்துட்டனுங்க. நொம்ப பயமா இருக்குதுங்க."

சார் நீட்டிய கேக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

மறுநாள் அக்கா உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும், எஸ்டேட் மிளகைத் தட்டிப் போட்ட ரசமும் வைத்தார். அடேங்கப்பா, முண்டியடித்தது கூட்டம்! டிரைவரே இரண்டு டம்ளர் குடித்தார். சார்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சு! ஜெயிச்சிருச்சு. இத வெச்சு கிளாஸ்ல என்னத்தச் சொல்லறது?"

அடுத்த வாரம் பாடம் நடத்தியது பொன்னம்மாக்கா. சார் முதல் பெஞ்சில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

சமீபத்தில் போயிருந்தேன். பலகையில் 'உரிமையாளர்: பொன்னம்மா' என்றிருந்தது. ரிட்டயர்டான சார் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க சார், ஓனர் டம்ளர் கழுவலாமுங்களா?"

"ஓனரு அவங்க, கண்ணு. இந்த ஒண்ணாவது படுக்காம இருக்கோணுமில்ல?"

அவர் கழுவிக் கொடுத்த டம்ளரில் ரசம் குடித்தேன். பலகையில் யார் பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும், எனக்கு அவர்தான் ஓனர் சார்.