மூன்றாவது மென்பொருளும் என் நினைவு மலரும்

தங்கள் செத்தவீட்டுக்கு ஆட்கள் புறப்பட்டு வருவதை உயிரோடு நின்று பார்த்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன். குறிகட்டுவான் இறங்குதுறையில், காலை வெயிலில், நன்றாகத் தோசை சாப்பிட்ட வயிற்றோடு பார்த்தேன். புதுக் கணினிதான் காரணம் என்று சில காலம் சொல்லித் திரிந்தேன். இப்போது உண்மையை ஒப்புக்கொள்கிறேன். காரணம் நான்தான்.

நயினாதீவில் யார் இறந்தாலும் முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவு மலரை நான்தான் செய்து கொடுப்பேன். சங்கக் கடையில் உத்தியோகம், மிச்ச நேரத்தில் இந்தத் தொண்டு. (தொண்டு என்பது என் சொல். “வேலையத்த வேலை” என்பது மனைவி வசந்தியின் சொல்.) தேவாரம், வாழ்க்கை வரலாறு, நன்றி நவிலல் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் சனங்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது உறவினர்களின் பெயர் வரிசையைத்தான். அதில் ஒரு மைத்துனர் விடுபட்டால் போதும், இரண்டு தலைமுறைக்கு முகம் பார்க்க மாட்டார்கள். பதினைந்து வருடமாக ஒரு பெயரும் விடாமல் ஒரே கணினியில் அந்த வேலையைச் செய்துவந்தேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

உப்புக்காற்று தின்ற அந்தக் கணினி, நேசம்மா ரீச்சர் காலமான அதே கிழமை தானும் போய்ச் சேர்ந்தது. ரீச்சர் எனக்கு அரிவரி படிப்பித்தவர். அவருடைய மகள் லண்டனிலிருந்து வந்திறங்கி, “அண்ணை, அம்மாவின்ரை மலர் நீங்கள் செய்தால்தான் எனக்கு மனம் ஆறும்” என்று சொல்லியிருந்தா. நானும் நெஞ்சை நிமிர்த்தி ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி குகன், தான் பாவித்த மடிக்கணினியை அம்மன் கோயிலுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். மெல்லியது, வெள்ளி நிறம். “அண்ணை, இது வேற மாதிரி. முதல் கொஞ்சம் தலை சுத்தும்” என்று தொலைபேசியில் எச்சரித்தான். கொஞ்சம் என்று அவன் சொன்னதுதான் பிழை.

பதினைந்து வருடமாக வலது மூலையில் இருந்த மூடும் அடையாளம் இதில் இடது மூலையில் இருந்தது. மூடினாலும் மூடப்பட்டதா, ஒளிந்திருக்கிறதா என்று தெரியாது. திரையைத் திறந்தால் குகனின் பிள்ளைகள் இரண்டு பேரும் பனிக்குள் நின்று சிரித்தார்கள். (அலங்காரத்துக்கு விட்டிருக்கிறான் என்று நினைத்தேன்.) பென்டிரைவில் சேமித்து வைத்திருந்த பழைய மலர்களைத் திறந்தால் தேவாரம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. பதினைந்து வருடத்து நினைவு மலர்களில் ஒன்றைக்கூட என்னால் வாசிக்க முடியவில்லை.

அடுத்தது மென்பொருள். கணினியோடு வந்ததே போதும் என்றான் குகன். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவர், இலவசமாக இறக்குவதுதான் திறம் என்றார். யாழ்ப்பாணத்து அச்சகக்காரரோ மூன்றாவது ஒன்றின் பெயரைச் சொல்லி, “அதிலை செய்தால்தான் எனக்குத் திறக்கும்” என்றார். நான் ஒருவரையும் நோகடிக்க விரும்பாமல் மூன்றையும் ஏற்றினேன். முதலாவதில் படம் நின்றது, எழுத்து நிற்கவில்லை. இரண்டாவதில் எழுத்து நின்றது, கொம்புகள் மட்டும் தனியே கழன்று நின்றன. இரண்டாவதை நிறுவுவதற்கு ஒரு படத்தை இன்னொரு படத்துக்குள் இழுத்துப் போடச் சொன்னது. நான் ஏழு தரம் இழுத்துப் போட்ட இடம் குப்பைத்தொட்டி என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவதில் பரீட்சித்துப் பார்க்க ஒரு மாதிரி மலர் வேண்டும். ரீச்சரின் படமும் விபரமும் மகளிடமிருந்து இன்னும் வரவில்லை. பழையவர்கள் யாரும் திறபடவில்லை. படம், பிறந்த திகதி, பெற்றார் பெயர் எல்லாம் கையோடு இருந்த ஒரே ஆள் நான்தான். வசந்தி விடியவே கோயில் அன்னதான மடத்துக்குக் காய்கறி வெட்டப் போயிருந்தா. ஆகவே துணிந்து என்னையே சாகடித்தேன்.

“நயினாதீவைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட...” என்று தொடங்கி, திகதிக்கு அன்றைய திகதியையே போட்டேன். பரீட்சைதானே என்று உறவு வரிசையில் வசந்தியின் அன்புக் கணவர், அக்காவினதும் குகனினதும் பாசமிகு சகோதரர் என்று இரண்டே வரியோடு நிறுத்தினேன். ஆனால் வாழ்க்கை வரலாற்றில் என்னால் நிறுத்த முடியவில்லை. “ஊருக்கு உழைத்த உத்தமர், பொறுமையின் சிகரம்” என்று எழுதி, இரண்டு தரம் வாசித்து, உண்மையிலேயே கண் கலங்கினேன்.

சேமிக்கும்போது மென்பொருள் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. இதைக் குடும்பத்தோடு பகிரலாமா என்பதுதான் கேள்வி. குடும்பம் வேண்டாம் என்று எந்த மனிதன் சொல்லுவான்? ஓம் என்று அழுத்தினேன். அது குகனின் கணக்கில் ஓடுகிற கணினி என்பதும், குடும்பம் என்று அது சொன்னது குகனின் வீட்டுத் தொலைபேசிகள் எல்லாவற்றையும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அச்சகத்தில் திறக்கிறதா என்று பார்க்க, மலரை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு துறைக்கு நடந்தேன். கணினிக்கு இணையம் கொடுத்துக்கொண்டிருந்த என் தொலைபேசியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அதன் பக்கத்தில்தான் வசந்தியின் தொலைபேசியும் கிடந்தது. முதல் படகு தவறி, அடுத்ததற்காக ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தேன். அவ்வளவு நேரமும் வீட்டில் இரண்டு தொலைபேசியும் மாறிமாறி அடித்திருக்கின்றன.

அக்கரையில், குறிகட்டுவானில் படகு அணைந்தபோது, ஏறுவதற்கு நின்றவர்களுக்குள் புளியங்கூடலில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவைக் கண்டேன். வெள்ளைச் சேலை. தலை கலைந்திருந்தது. அத்தான் அவவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நயினாதீவில் அக்கா அழுதுகொண்டு வரவேண்டிய வீடு ஒன்றுதான், அதில் நானும் வசந்தியும்தான். நான் இங்கே நிற்கிறேன். அப்படியானால் வசந்தி. காலையில் தேத்தண்ணியில் சீனி கூடிப்போச்சு என்று அவவிடம் சினந்தது ஞாபகம் வந்தது. அதைவிடப் பெரிய துக்கத்தை நான் அன்றுவரை அறிந்ததில்லை.

“ஐயோ அக்கா” என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அவவின் தோளில் விழுந்து அழுதேன். அக்காவும் என்னைக் கட்டிப்பிடித்து, “தம்பி போட்டானடா, எங்களை விட்டிட்டுப் போட்டான்” என்று குழறினா. நானும் சேர்ந்து குழறினேன். எந்தத் தம்பி என்று எனக்கும் தோன்றவில்லை, யாரிடம் சொல்லி அழுகிறோம் என்று அவவுக்கும் தோன்றவில்லை. படகுக்காரர்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

அத்தான்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீர் இஞ்சை என்ன செய்யிறீர்?”

“யாழ்ப்பாணம் போக வந்தனான், அத்தான். வசந்திக்கு என்ன நடந்தது?”

“வசந்திக்கு ஒண்டுமில்லை. நீர்தான் செத்துப்போனீர்.”

அக்கா தலையை நிமிர்த்தினா. என் முகத்தைத் தடவினா. பிறகு அதே கையால் கன்னத்தில் ஒன்று தந்தா. அவ்வளவு பெரிய அடியை அரிவரியில்கூட நான் வாங்கியதில்லை. அடித்துவிட்டு மறுபடி கட்டிப்பிடித்து அழுதா.

நான் கணினி, மூன்றாவது மென்பொருள், மாதிரி மலர் என்று உளறி விளங்கப்படுத்தினேன். அத்தான் பொறுமையாகக் கேட்டார். குகன் அனுப்பியிருந்த என் மலரைத் தன் தொலைபேசியில் திறந்து, உறவு வரிசையில் விரலை வைத்தார்.

“அது சரி. இதிலை என்ரை பேர் எங்கை?”

“அத்தான், அது சும்மா பரீட்சைக்கு...”

“முப்பது வருசமா மைத்துனரா இருக்கிறன். உம்மடை சாவுக்கு அழ எனக்கு உரித்தில்லையோ?”

அன்று பின்னேரம் குகனோடு பேசினேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். “அம்மான்ரை செத்தவீட்டுக்கு வர ஏலாமல் போச்சு அண்ணை. உன்ரைக்கு எண்டாலும் வருவம் எண்டு டிக்கெற் போட்டிட்டன்” என்றான். போட்ட டிக்கெற்றை அவன் மாற்றவில்லை. பதினொரு வருடத்துக்குப் பிறகு நயினாதீவுத் துறையில் வந்திறங்கி, முதல் வேலையாக என்னைக் கிள்ளிப் பார்த்தான்.

ரீச்சரின் மலரை நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து செய்தோம். (கடைசியில் பாவித்தது முதலாவது மென்பொருள், அச்சகக்காரருக்கும் அது திறந்தது. எழுத்து நிற்காததற்குக் காரணம் நான் தமிழையே தெரிவுசெய்யாததுதான்.) ஒரு பெயரும் விடுபடவில்லை. குகன் தன் கணக்கை அதிலிருந்து கழற்றியபோது பனிக்குள் நின்ற பிள்ளைகளும் திரையிலிருந்து போய்விட்டார்கள். அந்தப் படத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னேன்.

இன்றைக்கும் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால், குசினிக்குள் இருந்து வசந்தி கூப்பிடுவா: “பொறுமையின் சிகரம், சோறு ஆறுது, வாங்கோ.”

என் மலரை அழிக்க அத்தான் விடவில்லை. மைத்துனர் வரிசையில் அவர் பெயரை முதலாவதாக, தடித்த எழுத்தில் சேர்த்த பிறகுதான் என்னோடு முகம் கொடுத்துப் பேசினார். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வந்து, திறக்கச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பொங்கலில் கை வைப்பார். அவர் என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர் என்பதை நாங்கள் யாரும் அவருக்கு ஞாபகப்படுத்துவதில்லை.